தவணை

ஒட்டுசுட்டான் றோட்டில் மூன்று பேரிடம்
என் வீட்டை விசாரித்துவிட்டுத்தான் வந்தார்
பிஸ்கால்காரர்.
ஆக, மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.
படலைக்கு வெளியே நின்று
நாய் கடிக்குமா என்று கேட்டார்.
பதினாலு வயசு நாய். எழும்பவே மாட்டாது.
கையொப்பம் வைத்தேன். தண்ணீர் கேட்டார்.
நல்ல கிணறு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் முழுக்கச் சிங்களம்.
பாமசிப் பெடியன்தான் வாசித்தான்,
யாருக்கோ பனடோல் வெட்டிக்கொண்டே,
குரலைத் தாழ்த்தாமல்:
"அக்கா, நீங்கள்தான் எதிராளி."

எத்தனை படிவங்களில்
என்னென்னவாய் இருந்திருக்கிறேன்.
இடம்பெயர்ந்தவள். மீள்குடியேறியவள்.
பெண் தலைமைக் குடும்பம்.
தகரம் தந்த வருசம் பயனாளி.
அட்டை தந்த வருசம் கடனாளி.
எதிராளி இதுதான் முதல் தரம்.
யாருக்கு எதிர் என்று கேட்டேன்.
கம்பனிப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

மாங்குளம் சந்தியில் குடை விரித்து
கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பெடியள்
வெயிலில் அவிந்துகொண்டு நின்றார்கள்.
பாவம் என்றுதான் கிட்டப் போனேன்.
சங்கத்துச் சம்பளச் சிட்டை போதும் என்றார்கள்.
அட்டையில் ஒரு கடல் இருந்தது.
முல்லைத்தீவுக் கடல் இல்லை,
யாருமே இறங்காத வேறேதோ கடல்.

வவுனியாவில் பிரிட்ஜ் எடுத்தேன்.
பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஐஸ்பழம்,
ஒன்று பத்து ரூபாய்.
நாளுக்கு நூற்றைம்பதும் போயிருக்கிறது, பொய் சொல்லவில்லை.
பிறகு கரண்ட் இல்லாத வருசம் வந்தது.
சிவப்பும் பச்சையுமாய்
குசினி நிலமெல்லாம் உருகி ஓடியது.
எறும்புகளுக்கு மட்டும் அது நல்ல வருசம்.
கரண்ட் இல்லாமலே
வட்டி ஏறியது.

காலை எட்டரைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை பேசும்.
வடிவான தமிழ். "அம்மா" என்றுதான் தொடங்கும்.
ஒருநாள் இருமியபடியே தொகையைச் சொன்னது.
மல்லி அவித்துக் குடி பிள்ளை என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு தொகையை முதலிலிருந்து சொன்னது.

இரவு பஸ்ஸில் ஏறி
விடியப் புதுக்கடையில் இறங்கினேன்.
கறுப்புக் கோட்டுகள் காகம் போலக் கலைந்து கலைந்து கூடின.
சுகிர்தமலர் நான்.
அவர்கள் கூப்பிட்டது சுகிர்தமாலாவை.
ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தேன்.
மாலா வரட்டுமே,
வந்து கட்டட்டுமே அந்த நாலு லட்சத்தை.
இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள்.
பஸ் காசு வீணாகுமே என்று எழும்பினேன்.

மூன்று நிமிசம் கூட இல்லை.
யாரோ யாருக்கோ ஏதோ சொன்னார்கள்.
வெளியே வந்து கேட்டேன்.
"தவணை போட்டிருக்கு" என்றார் என்னுடைய சட்டத்தரணி.
மாதம் எவ்வளவு என்று கேட்டேன்.
சிரித்தார்.
"அந்தத் தவணை இல்லை அம்மா,
திரும்ப வாற திகதி. ஆவணி பதினெட்டு."

கட்டுகிறதுக்கும் தவணை,
கட்டாததுக்கும் தவணை.
போக வர மூவாயிரத்து எண்ணூறு.
அதைக் கட்டியிருந்தால்
வட்டியில் நாலைந்து நாளாவது குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது நாய் ஒரு கண்ணைத் திறந்தது.
பிரிட்ஜைத் திறந்தேன்.
பிளக் கழற்றி இரண்டு வருசம்.
உள்ளே விதைப் பயறு, உளுந்து,
மகளின் பிறப்புச் சான்றிதழ், காணி பெர்மிட்.
எலி ஏறாத ஒரே இடம் இந்த வீட்டில்.
அழைப்பாணையை மடித்து
ஐஸ்பழம் அடுக்கிய தட்டில் வைத்தேன்.

கதவு றப்பர் இன்னும்
நல்லாய்த்தான் ஒட்டுகிறது.