மூன்றாம் தளத்தில் நிற்பவன்

சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிற்பது என் உத்தியோகம்.
ஆடுகிறவனும் இல்லை, வேடிக்கை பார்க்கிறவனும் இல்லை.
தொப்பியைத் தொடுவேன், காதை இழுப்பேன்,
பெல்ட், முழங்கை, மூக்கு நுனி.
பத்தில் ஒன்பது பொய்.
மிச்சம் எது என்று
மட்டையோடு நிற்பவனுக்குத் தெரியும்.
சில நாள் அவனும் மறந்துவிடுவான்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒருமுறை மூக்கைச் சொறிந்தேன்.
"யாரை ஓடச் சொல்கிறாய்?" என்றாள் மார்லிஸ்.
பதினான்கு கோடைகள், ஒன்பது ஊர்கள்.
'சமையலறை' என்று எழுதிய ஒரு பெட்டியை
அவள் நான்கு வீடுகளாகப் பிரிக்கவே இல்லை.

ஸ்கோர் புத்தகத்தில்
அடித்தவனுக்குக் கட்டம் உண்டு,
கோட்டைவிட்டவனுக்கும் உண்டு.
கையைச் சுழற்றியவனுக்கு இல்லை.

மொன்டானா. செப்டம்பர் இரவு, கடைசி இன்னிங்ஸ்.
சமன் செய்ய ஒரு ரன்.
இரண்டாம் தளத்திலிருந்து எலியேசர் வருகிறான்,
ஹெல்மெட் வழியில் எங்கோ உருண்டு கிடக்கிறது.
வலது மூலையில் பந்தை எடுத்தவன் தடுமாறினான்.
தடுமாறியது போலிருந்தது.
இரண்டு உள்ளங்கையையும் உயர்த்தினால்
எலியேசர் நின்றிருப்பான்.
சுழற்றினேன்,
தோள் கழன்று விழுகிற மாதிரி.

ஒரு சாண். அவ்வளவுதான்.
பந்து முந்திவிட்டது.
புழுதிக்கு மேலே அம்பயரின் முஷ்டி.
எழுந்தான், தொடையைத் தட்டிக்கொண்டான்,
என் பக்கம் திரும்பவில்லை.
அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று
ஏழு மணி நேரம் பஸ்ஸில் யோசித்தேன்.
சூரியகாந்தி விதைத் தோல்கள்
காகிதக் கோப்பையில் நிறைந்தன.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம்
அவனுக்கு வரவில்லை.
எனக்கு வந்தது.
அடுப்பு மேடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்,
பேனா இரண்டு முறை மக்கர் செய்தது.

பனி விழும்வரை நெடுஞ்சாலையில் வேலை.
தார் போடுகிற இடத்துக்கு முன்னால்
கம்பில் பலகை பிடிப்பேன்.
ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக'.
இங்கே பொய்ச் சைகை கிடையாது,
எல்லா வண்டியும் சொன்னபடி கேட்கிறது.

மாட்டுத் தீவன லாரி ஒன்று
கண்ணாடியை இறக்கியது.
"நீதானே அது?
அந்தப் பையனை ஏன் அனுப்பினாய்?"

வயர்லெஸ்ஸில் எதிர்முனைக்காரன்
வழி விடச் சொல்லிவிட்டான்.
லாரிக்குப் பின்னால் பதினோரு வண்டிகள்.
நான் இன்னும்
'நில்' பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தேன்.