இருநூற்றுப் பதின்மூன்றாம் பகுதி

பீல் நகரில் இரண்டு மொழியிலும் ஒரே மழை.
பேருந்துத் தரிப்பிடத்தின் பெயரைக்கூட
இருமுறை எழுதி வைக்கிற ஊர்.
என் குளிசைப் போத்தலுக்கு மட்டும்
மூன்றாம் மொழியில் நானே ஒட்டிய பெயர்:
விற்றமின்.

ஏழரைக்கு மாமித் தொடர்.
மச்சாள் தவராணி தேத்தண்ணியோடு வந்து குந்துவாள்.
இன்று இருநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி.
சுகந்தன் சாகிறான்.
சாகத்தான் வேணும், போன கிழமையே
கண்ணைச் சுற்றிக் கரி பூசியாயிற்று.
டொக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.
அந்த நாலெழுத்தைச் சொல்லமுதல்
கூரை போட்ட ஆஸ்பத்திரிக்குள் இடி இடிக்கிறது.
மாமியின் முகம் மூன்று தரம்,
மருமகளின் முகம் மூன்று தரம்,
சமையல்காரியின் முகம்கூட ஒரு தரம்.
சாகிறவன் முகம்
விளம்பரத்துக்குப் பிறகு.

அவன் சாப்பிட்ட தட்டைக்
குறட்டால் பிடித்து எறிகிறார்கள்.
"பாவம்தான்," என்கிறாள் தவராணி,
"எண்டாலும், செய்ததுக்கு..."
முடிக்கவில்லை.
என் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து
பாதி கடித்து
பாதியைத் திரும்ப என் தட்டிலேயே வைக்கிறாள்.

அவள் போனபின் மற்ற அலைவரிசை.
ஆஸ்பத்திரித் தொடர், சுவிஸ்காரருடையது.
நேர்ஸ் றெகூலாவுக்கும் அதேதான்.
அவளுக்கு இடி இடிப்பதில்லை.
நாளுக்கு ஒரு குளிசை,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம்.
"கண்டறிய முடியாத அளவு," என்பார் டொக்டர்.
அவள் தலையாட்டிவிட்டுச் சைக்கிள் ஏறுவாள்.
எட்டு வருடமாகச் சாகவேயில்லை.
ஆனால், எட்டு வருடமாகத்
தனியத்தான் சாப்பிடுகிறாள்:
ஏரிக்கரை, ஒரு துண்டுப் பாண்,
கத்தியால் நாலாக வெட்டிய தக்காளி.
சாப்பிட்டியா என்று கேட்க
அந்தத் தொடரில் ஒருத்தரையும் எழுதவில்லை.

படுத்தபிறகு நான் கதை மாற்றுவேன்.

றெகூலாவைச் சைக்கிளோடு
மாமி வீட்டு மண்டபத்துக்குள் இறக்குவேன்.
"ஆர் நீ?" என்று மாமி எழும்ப
கமெரா குழம்பும், எந்த முகத்தை நெருங்குவது?
அவளோ மழைக்கோட்டைக் கழற்றித்
தூண் சிலையின் கையில் காயப் போட்டு,
குப்பையிலிருந்து தட்டை எடுத்துக் கழுவி,
இதில் போடுங்கள் என்று சைகை காட்டி
உட்காருகிறாள்.
சுகந்தன் கட்டிலில் எழும்புகிறான்,
கரி கன்னத்தில் வழிய.
அவன் உள்ளங்கையில் ஒரு மாதக் குளிசை,
அவளுடைய கைப்பையிலிருந்து.
நிஜத்தில் அப்படிக் கொடுக்கக்கூடாது.
என் தொடரில் கொடுக்கலாம்.

மாமியையும் சும்மா விடேன்.
பட்டுச்சேலையோடு ஏரிக்கரைக்கு அனுப்புவேன்.
வந்த உடனே கேட்பாள்: "எப்படி வந்தது?"
வெட்டு.
திரும்ப நடக்க வைத்தால்
திரும்பவும் அதையே கேட்பாள்.
வெட்டு.
சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து
"என்ன பிள்ளை, பாணைத் தின்றுகொண்டு" என்று
அவள் வாயில் வருவதற்கு
எனக்கு நாலு இரவு பிடித்தது.

ஒரு காட்சிதான் எழுத வரவில்லை.
ஒரு சோபா. இரண்டு பெண்கள்.
ஒருத்திக்குத் தெரியாது.
மற்றவளுக்கு ஒரேயொரு வசனம்.
சொல்லத் தொடங்கினால்
எங்கிருந்தாவது அந்த இடி வந்துவிடுமோ என்று
பதினொரு வருடமாக
யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நாள் செத்தவீட்டுப் பகுதி.
தவராணி பார்த்தபடியே
மேசையில் கையை நீட்டிப் போத்தலைத் துழாவினாள்.
"மச்சாள், எனக்கும் உன்ர விற்றமினில் ஒண்டு தாவன்.
தலைமயிர் கொட்டிக்கொண்டு போகுது."

மூடி பாதி திருகியாயிற்று.

"அது உனக்கில்லை."
"ஏன்?"
என்னைத்தான் பார்க்கிறாள்.
ஒரே முகம், ஒரு தரம்,
அவ்வளவு பக்கத்தில்.

ரிமோட்டைத் தேடி எடுத்து
சத்தத்தை முழுக்க நிறுத்தினேன்.
அங்கே பத்துப் பேர்
வாய் திறந்து அழுதுகொண்டிருந்தார்கள்.