பதினொன்றாம் வளைவு

கலெக்டர் ஆபீஸ், மூன்றாம் மாடி, மார்ச் கடைசி.
மின்விசிறிக்குக் கீழே படபடக்கும் அட்டவணையை
என் டிபன் டப்பாதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.
ஏற்காடு ஏறும் பாதை, ஐந்து வருஷம், வளைவு வாரியாக விபத்து:
பத்தில் பதினாறு. பன்னிரண்டில் இருபத்தொன்று.
நடுவே, பதினொன்றில்,
ஒரு சுழி.

உதவிப் பொறியாளர் ரகோத்தமன்
அந்தச் சுழியைப் பேனாவால் வட்டமிட்டார்
(சுழிக்கு வட்டம் எதற்கென்று நான் கேட்கவில்லை).
"பதினொண்ணுல ஒண்ணுமே இல்ல.
ஆகவே தடுப்புச் சுவர் அங்க வேண்டாம்.
அந்தக் காசையும் பன்னிரண்டுல போட்டுடலாம்."

கணக்கு சரி.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தவளே நான்தான்.
உறுத்தியது அந்த ஆகவே.
எண்களெல்லாம் வெளிச்சத்தில் வரிசையாய் நிற்க,
ஆகவேயின் முதுகுக்குப் பின்னால் யாரோ
செருப்பைக் கழற்றிவிட்டு
சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல.

சனிக்கிழமை ஸ்கூட்டியில் அடிவாரம் தாண்டி
ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன்.
ஏழில் காது அடைத்தது.
பத்து. மஞ்சள் பலகை, மேலே ஒரு குரங்கு.
அப்புறம் ஒரு வளைவு:
ஓரமெல்லாம் கண்ணாடித் தூள்,
தாரில் டயர் தேய்த்த கறுப்பு, சில்வர் ஓக் மரத்தில் காயம்.
அதற்கடுத்த பலகையில் பன்னிரண்டு.

வளைவு இருந்தது.
பெயர்தான் இல்லை.

மேலே ஸ்டேஷனில் ஏட்டு மாதேஸ்வரி
டீயை ஊதியபடி சொன்னார்:
"எந்த போர்டு கண்ணுக்குத் தெரியுதோ அத எழுதுவோம்ங்க.
ராத்திரி, மழை, ஒருத்தன் காலு வண்டிக்கடியில.
அப்ப நின்னு வளைவ எண்ணச் சொல்றீங்களா?"
மேலிருந்து இறங்கிய ஜீப்புக்கு அது பன்னிரண்டு.
கீழிருந்து ஏறிய ஜீப்புக்குப் பத்து.
கிரேன் ஓட்டும் அப்துல் ரவூப் எதையும் எழுதுவதில்லை:
"அந்தத் திருப்பமா? எனக்குப் பாதி சம்பாத்தியமே அங்கதாங்க."

பலகையைப் பழைய இரும்புக்குத் திருடியிருப்பார்கள்.
நோட்டில் எழுதி, 'திருட்டு' என்ற சொல்லுக்கு
அடிக்கோடும் போட்டேன்.
இறங்குகையில் சரிவில் ஒரு வீடு.
அதன் கோழிக்கூண்டுக்கு மஞ்சள் கதவு,
கதவில் இரண்டு கறுப்புக் கோடு.
குழந்தையம்மா அதைத் தட்டிக் காட்டினாள்:
"மரம் ஏத்துன லாரி இடிச்சி
போர்டும் டிரைவரும் சேந்து
எங்க காப்பிச் செடி மேல வந்து வுழுந்தாங்க.
அவர தூக்கிட்டுப் போனாங்க.
இத யாரும் கேட்டு வரல."

என் நோட்டிலும் ஒருவர்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.
அந்த வரியை அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.
அந்த டிரைவர் எங்கள் அட்டவணையில்
பன்னிரண்டில் இருக்கிறார்.
இருபத்தொரு பேரில் முதல் ஆள்.

ஜூனில் புதுப் பலகை நட்டார்கள்.
சுவருக்கு ஒப்புதல் வரவில்லை.

மறுபடி மார்ச், மறுபடி டிபன் டப்பா.
பத்தில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்று.
பதினொன்றில் ஆறு.
ரகோத்தமன் கிருஷ்ணகிரிக்கு மாறிப் போயிருந்தார்.
புதிதாய் வந்தவர் நல்லவர், வேகமாகப் படிப்பவர்.
விரல் வரிசையில் இறங்கி அங்கே நின்றது.
"அஞ்சு வருஷமா சைபர்.
போர்டு வெச்ச ஒரே வருஷத்துல ஆறு.
ஆகவே..."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
"சார், இத ஒரு கோழிக்கூண்டுலேருந்து
ஆரம்பிக்கணும்."