கருதப்படும்

ராணி பட்டத்துக்கு வந்து மூன்றாம் வருஷம்
பன்னிரண்டாம் நம்பர்க் கட்டளைச் சட்டத்தைத்
தமிழாக்கும்படி துரை என் மேசையில் வைத்தார்.
கோட்டைக்குள் அன்று காற்றே இல்லை.
வாவி நாறியது.

காடு என்பதற்குச் சொல் இருந்தது.
வெறுங்காணி என்பதற்கும் இருந்தது.
"பல வருஷ இடைவெளிவிட்டு மாத்திரம்
பயிர்செய்யக்கூடிய நிலம்"
இதற்கு எங்கள் பக்கம் சேனை என்று பேர்.
வெட்டி எரித்து இறுங்கும் குரக்கனும் போட்டு
மூன்றாம் வருஷம் எழும்பிப் போவார்கள்.
பிறகு நிலம் படுத்துக்கொள்ளும்.
அதுவும் காடென்றே, வெறுங்காணி என்றே...
அடுத்த சொல்லில் பேனை நின்றது.
விளக்கு வைக்கும் நேரத்தில் எழுதினேன்:
கருதப்படும்.

யாரால் என்று சொல்லாமலே நடந்துவிடுகிற வினை.
தமிழில் அதற்கு இடம் இல்லாமலிருந்தால்
நான் தப்பியிருப்பேன்.

மண்முனைத் துறையில் தோணி ஏறி
படுவான்கரை போனோம்.
பறை அடித்தவன் காத்தமுத்து.
வாசித்தவன் கச்சேரி மொழிபெயர்ப்பாளன்
சந்தியாப்பிள்ளை, நான்.
சனம் வெற்றிலை மென்றபடி கேட்டது.
"முடிக்குச் சொந்தம்" என்ற இடத்தில்
தெய்வானைப்பிள்ளை நிமிர்ந்தாள்:
"எந்த முடி கா? கொண்டை முடியா, சீலை முடியா?"
சிரித்தார்கள். நானும்தான்.
மறுகா கேட்டாள், சிரிக்காமல்:
"எண்ட தாய்வழிக்கு ஏழு சேனை.
ரெண்டில இறுங்கு நிக்கிது. அஞ்சு படுத்திருக்கு.
படுத்ததையெல்லாம் செத்ததெண்டு
எழுதிக் கொண்டுவந்தீங்களோ?"

"மாறாக நிரூபிக்கப்படும் வரை"
என்று அடுத்த வரியை வாசித்தேன்.
சூரியன் அந்தக் கரையில்தான் படும்.
அன்றும் பட்டது.

ஆவணியில் கச்சேரிக்கு வந்தாள்.
ஓலை இல்லை, உறுதி இல்லை.
சாக்கை அவிழ்த்துக் காட்டினாள்:
பாதி எரிந்த பாலைக்கட்டை.
பரண் காலின் அடித்துண்டு.
உடைந்த குழவி, அவள் தாயின் தாய் அரைத்ததாம்.
துரை கைக்குட்டையை எடுத்தார்.
"இதற்கு என்ன பேர் எழுதுவீர்?"
கரிக்கட்டை, ஒன்று, என்று எழுதினேன்.
எரித்தவள் பேருக்கு
அந்தப் புத்தகத்தில் நிரல் இல்லை.
குழவியை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சங்கிலிக்காரர்கள் போனார்கள். இருவருக்குக் காய்ச்சல்.
ஐந்து சேனையும் ஐந்து இலக்கமாகத் திரும்பின.
ஏலம் கச்சேரி வாசலில், வாகை மரத்தடியில்,
ஏக்கர் ஐந்து சிலின்.
விளம்பரம் இங்கிலீசில் ஒட்டியிருந்தது.
அதைத் தமிழாக்க எனக்கு உத்தரவு வரவில்லை.
வாசிக்கத் தெரிந்த நாலு பேர் வந்தோம்.

வந்தோம் என்றுதான் சொன்னேன்.

இருபத்துநாலு ஏக்கர். ஆறு பவுண்.
பாதி என் சம்பளம்,
பாதி மரியானாளின் அட்டியல்.
அவள் இன்னும் கேட்பாள், கழுத்தைத் தடவிக்கொண்டு,
எங்கே அந்தத் தென்னந்தோட்டம் என்று.

எட்டு வருஷமாகிறது. கூலிக்கு ஆள் வரவில்லை,
யானைதான் வருகிறது.
ஈச்சம்பற்றை, நாயுருவி, குரங்கு.
ஒரு கதிர் இல்லை. ஒரு புகை இல்லை.
போன மாரிக்கு முன் காவல்காரன் வந்து சொன்னான்:
தெய்வானைப்பிள்ளையின் மகள்
என் எல்லைக்குள் விறகு பொறுக்கினாளாம்.
அத்துமீறல் என்று மனு எழுதித் தரச் சொன்னான்.
அந்தச் சொல்லும் நான் தேடி எடுத்ததுதான்,
அதே மேசையில், அதே புழுக்கத்தில்.
எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பத்திரம் பெட்டிக்குள் இருக்கிறது,
சிவப்பு அரக்கு, சிங்கம், குதிரை.
நிலம் படுத்தே கிடக்கிறது.
இதுவரை ஒருவரும் அதை
வெறுங்காணி என்று கருதவில்லை.