இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

"டக் டக் என்கிறது" என்றார் எண்டெல்.
எப்போது?
"முப்பதைத் தொட்டதும். நாற்பதில் நின்றுவிடும்."
பக்கவண்டியில் உட்கார்ந்து வருபவர் அவர்.
ஓட்டுகிற எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

ஹெல்டெர்மா துறையில் பலகை நட்டுவிட்டார்கள்.
பனிப்பாதை சனிக்கிழமை திறக்கிறது.
இருபத்தைந்துக்குக் கீழே போ,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவில் ஓட்டினால்
பனிக்கு அடியில் கடல் உன் வேகத்தைப் பழகிக்கொண்டு
கூடவே புரளத் தொடங்கும். பனி விரியும்.
சீட் பெல்ட் போடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது.
ஐம்பத்துநாலாம் வருட எம்-எழுபத்திரண்டில்
அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

அக்கரையில், ஹாப்சாலுவில்,
பதினொரு மணிக்கு அவருக்கு டாக்டர்.
கப்பல் ஓடவில்லை.
ஆகவே வியாழன் இரவு, மைனஸ் ஒன்பது,
கொட்டகையில் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டேன்.

பின்பெட்டி நட்டுகள் நான்கு.
மூன்று வந்தன. நாலாவது வசவு வாங்கிக்கொண்டு வந்தது.
பெட்டியைக் கட்டைவிரல் நீளம் பின்னால் இழுத்ததும்
ஷாஃப்ட் தளர்ந்து என் கையில் சாய்ந்தது.
ரப்பர் கப்ளிங் தானாகவே கீழே விழுந்தது,
விழவேண்டும் என்று வெகுநாள் காத்திருந்ததைப் போல.

நாலு துளை. இரண்டில் கியர்பாக்ஸின் விரல்கள்,
இரண்டில் ஷாஃப்டின் விரல்கள், குறுக்கும் நெடுக்குமாக.
இரும்பு இரும்பைத் தொடவே கூடாது,
அதற்குத்தான் இந்த ரப்பர்.
ஒரு துளை உதடு கிழிந்து நீள்வட்டமாகியிருந்தது.
சரி, டக் டக் இதுதான் என்றேன்,
சமையலறைச் சன்னலைப் பார்த்து, சத்தமாக.

புதியது கல்லாக இருந்தது.
அடுப்பருகே ஒரு மணி நேரம் வைத்தேன்.
கிரீஸ் ஆகாது, ரப்பரைத் தின்றுவிடும்;
டால்கம் பவுடர் தடவினேன்.
கொட்டகை முழுக்கக் குளித்த குழந்தை வாசனை.
பின்னால் சிலுவையைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன்.
ஊசி பேரிங்குகள் வாயைத் திறக்கவில்லை.

இடைவெளியைக் காலி வண்டியில் பார்க்கக்கூடாது.
எண்டெலைக் கூப்பிட்டேன்.
இரவு உடையின்மேல் கம்பளிக் கோட்டோடு வந்து
சீட்டில் ஏறினார், எண்பத்திரண்டு கிலோ.
ஸ்பிரிங் இறங்கியது.
"மூச்சு விடலாமா?" என்றார்.
"விடு. இறங்காதே."
ஃபீலர் கேஜ் உள்ளே போனது:
நூலில் கால்வாசி. போதும்.
சக்கரத்தைக் கையால் மூன்று முறை சுற்றினேன்.
விரல்கள் எங்கும் உரசவில்லை.

வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம், கெர்ட்லா தெருவில்.
முப்பத்திரண்டு.
"டக் டக்" என்றார்.

இறங்கினேன். அவரைத் தள்ளியபடி நானே
பக்கவண்டியில் உட்கார்ந்தேன், அவர் ஓட்டட்டும் என்று.
ஒன்றுமில்லை. தையல் மெஷின் மாதிரி போனது.
அவருக்கோ ஓட்டும்போதும் கேட்டது,
"தலைக்குள்ளேயே கேட்கிறது, விர்வே!"

தலைக்குள்ளே.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
கையை நீட்டினேன்.
முதலில் புரியவில்லை அவருக்கு.
பிறகு முறைத்தார்.
பிறகு மேல்வரிசையைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார், ஈரமாக, வெதுவெதுப்பாக.
போன இலையுதிர்காலத்தில் செய்தது,
அரிசி கனம் தளர்ந்த பல்செட்.
முப்பதில் என்ஜின் எந்த நடுக்கம் நடுங்குகிறதோ
அதே நடுக்கத்தை அதுவும் பழகியிருக்கிறது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சனிக்கிழமை, பல் என் சட்டைப்பையில்,
சொல் எதுவும் குறையவில்லை அவருக்கு:
நட்டை இறுக்கினாயா, பெட்ரோல் பார்த்தாயா,
அந்தப் பழைய ரப்பரை எறிந்துவிடவில்லையே.
பலகையைத் தாண்டியதும் திராட்டிலைத் திருகினேன்.
இருபத்தைந்து. கையைத் தளர்த்தவில்லை.
நாற்பத்தைந்தில்தான் இருவரும் பேசாதிருந்ததைக் கவனித்தேன்.

அக்கரையில் அவர் உள்ளே போனதும்
மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கப்ளிங் ஓரத்தில் பவுடர்
வைத்தது வைத்தபடி வெள்ளையாக.

பழையது நிஜமாகவே கிழிந்துதான் இருந்தது.
அதையும் அவரிடம் இன்னொரு முறை சொல்லவேண்டும்.