வலப்பக்கத்து நான்கு

டீசலுக்குப் பொறி தேவையில்லை.
நெருக்கினால் காற்று தானே சுடும்,
எண்ணெய் தானே பற்றும்.
இதெல்லாம் ஜூலையில்.

ஜனவரியில், ரிவர்டனில்,
மைனஸ் முப்பத்திநான்கில்
அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடுகிறது.
அதற்குத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக
க்ளோ பிளக்.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கங்கு.
மொத்தம் எட்டு.

எட்டையும் மாற்றியாயிற்று என்றான் கொழுந்தன் ஸ்கூலி,
அக்டோபரில்.
கூலி இரண்டு பெட்டி பிக்கரல் மீன்,
பெரிதாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

நேற்று ஏரியின் மேல்
கரையிலிருந்து ஒன்பது மைலில்,
பனிக்கட்டிக்கு அடியில் என் நான்கு வலைகள் கனத்துக் கிடக்க,
டிரக் இருமியது.
வெள்ளையாய்க் கொஞ்சம் புகை, பிறகு அதுவும் இல்லை.
வீடென்றால் எஞ்சின் ஹீட்டர் வயரைச்
சுவரில் சொருகலாம்.
ஏரியில் ஏது சுவர்?
அடுத்த வலைக்காரர் ஆஸ்மண்டுர்
கயிறு கட்டி இழுத்து வந்தார்.
வழிநெடுக ஒரு வார்த்தை இல்லை.
இன்னும் காதில் கேட்கிறது.

இன்று கொட்டகையில்
சோதனை விளக்கின் கவ்வியை பேட்டரி பிளஸ்ஸில் கடிக்கவிட்டு
முள்ளால் ஒவ்வொரு பிளக்காகத் தொடுகிறேன்.
இடப்பக்கம் எரிகிறது, எரிகிறது,
எரிகிறது, எரிகிறது.
வலப்பக்கம்
இருட்டு.
இருட்டு.
மூன்றாவது எரிகிறது, என்னைக் குழப்பவென்றே.
இருட்டு.

வலது முன்சக்கரத்தைக் கழற்றி
மட்கார்டின் வளைவுக்குள் தலையை நுழைத்தால்தான்
அவை கண்ணில் படும்.
கண்ணில் பட்டாலும் கைக்கு எட்டாது.
எட்டினாலும் ஸ்பானர்
கடிகாரத்து ஐந்து நிமிடம் திரும்பும்,
அப்புறம் முட்டும்.

பிளக்கின் கழுத்தில் துரு,
துருவின் மேல் பிசுக்கு,
பிசுக்கின் மேல் ஏழெட்டு வருடத் தூசி.
அக்டோபரில் எந்தக் கையும் இங்கே வரவில்லை.

பத்துக்கு இரண்டு பழுதில்லை என்பார்கள்.
எட்டுக்கு நான்கு?
அவனைத் திட்டிக்கொண்டே
சாக்கெட்டின் இணைப்புத் தண்டைத் தேடி
சீட்டுக்கு அடியில் கைவிட்டேன்.
தட்டுப்பட்டது ஒரு கம்பளிக் கையுறை.
உள்ளே நான்கு புது பிளக்குகள்,
அட்டை கூடப் பிரிக்காமல்.

அக்டோபரில் அவன்
காபிக் குவளையை இடது கையால் தூக்கினான்.
இப்போதுதான் நினைவு வருகிறது.
கோட்டைக் கழற்றும்போது வலது தோளைத்
தானாகவே ஒரு சுற்று சுற்றி, முகம் சுளித்து,
குளிர் என்றான்.

முதல் மூன்றும் வந்துவிட்டன.
நான்காவதன் நுனி உள்ளே வீங்கியிருக்கிறது.
அவசரப்பட்டு இழுத்தால் நுனி முறிந்து உள்ளே விழும்.
அப்புறம் இந்த வண்டியை
நங்கூரமாகத்தான் போடவேண்டும்.
எண்ணெய் விட்டு, காத்திருந்து,
கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.
கையுறை போட்டால் பிடி தெரியவில்லை,
கழற்றினால் விரல் தெரியவில்லை.
ரேடியோவில் யாரோ கோதுமை விலை சொல்லி முடித்து
வானிலை சொல்லி முடித்து
மறுபடி கோதுமைக்கு வந்தபோது
அது வந்தது,
முழுசாக, அழுகிய பல்லைப் போல.

புதியவற்றின் மரையில் பசை தடவிக் கையாலேயே திருகினேன்.
சாவியைப் பாதி திருப்பிக்
காத்திரு விளக்கைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தேன்.
ரிலே க்ளிக் என்றது.
பதினொன்று எண்ணினேன்.

ஒன்று பிடித்தது, பிறகு மூன்று,
பிறகு கொட்டகை முழுக்கத் தகர டப்பாக்கள் உருண்டன.
எட்டாவது எப்போது சேர்ந்தது என்று
சொல்ல எனக்குக் காது போதாது.

மூன்று இரவு தண்ணீரில் கிடந்த மீன்
பாதி குழைந்திருக்கும்.
ஸ்கூலியிடமிருந்து ஒரு பெட்டி திரும்ப வரவேண்டும்.
பிளக்கின் விலையைக் கழித்தால் முக்கால்.
தோளுக்கு எவ்வளவு கழிப்பது என்று
தெரியவில்லை.
சக்கரத்தை மாட்டவேண்டும் முதலில்.