வெற்றெடை

வாங்கும்போதே சொன்னார்கள்,
முன்னால் பார்த்துக்கொண்டு பின்னால் யோசிக்கும் காடி இது.
ரேடியேட்டர் மூக்கில்.
எஞ்சின் என் முதுகுக்குப் பின்னே, ஒரு தகடு தள்ளி.
இடையில், வயிற்றுக்கடியில் ஓடும்
இரண்டு நீளக் குழாய்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷத்து டொயோட்டா.
சிவப்பு என்று கிராண்டில் இருக்கிறது,
சுங்காய் வெயில் அதை வேறு மாதிரி எழுதிவிட்டது.
இருக்கை இரண்டே. வீட்டில் நாங்கள் நாலு பேர்.
அந்தக் கணக்கை மாமியார் ஒருமுறை சொன்னார்,
பிறகு தினமும் சொன்னார்.

பகலில் நான் ஆலையின் எடைப்பாலத்தில்.
லோரி ஏறும், நிற்கும், எண் நடுங்கி அடங்கும்.
குலையோடு ஓர் எடை, கொட்டிவிட்டு வந்தால் ஓர் எடை,
கழித்துச் சீட்டு கொடுப்பேன்.
பதினோரு வருஷம் கழித்தலே செய்த கை
ராத்திரியானால் பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடுகிறது.
பத்து எப்போதும் காணாமல்தான் போகும்.
பன்னிரண்டு என்னிடம் நாலு இருக்கிறது.

ஈப்போவில் ஆ லெக்கின் ஹாஃப்-கட் கடை.
பாதியாய் அறுத்த கார்கள்
இடுப்புவரை மட்டும் பிழைத்து நிற்கும் வரிசையில்
குழாய்க்கு நூற்றெழுபது வெள்ளி கேட்டார்.
"புருஷன் வரலியா?"
வேலைக்குப் போயிருக்கிறார்.
"காடி அவருதா?"
கிராண்டை எடுத்துக் காட்டினேன்.
நூற்றிருபதுக்கு இறங்கி,
இன்னும் ஐந்து வெள்ளி தானாகவே குறைத்தார்.

மாற்றினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினேன்.
சிலிம் ரிவர் போகும் பழைய சாலையில்
ஒன்பதாவது கிலோமீட்டரில் சூட்டு முள் நிமிர்ந்தது.
ஓரம் கட்டினேன்.
செம்பனை இருட்டில் என் இரண்டு விளக்கில்
ஒன்றுதான் எழுந்து நின்றது.
மற்றது மூன்று மாதமாய்த் தூக்கம்,
உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் மாவாகிவிட்டது.
அதைப் பிறகு பார்க்கலாம்.

காற்று. எங்கோ காற்று மாட்டியிருக்கிறது.
நிறைந்துவிட்டேன் என்று தொட்டி பொய் சொல்கிறது.
கையேடு ஜப்பான் மொழியில்,
எனக்குப் படம் மட்டும் புரியும்.
படத்தில் முகமில்லாத ஒரு கை
திருகை அவிழ்க்கிறது.
அந்தக் கைக்கு அவசரமே இல்லை.

மூன்று ஞாயிறு நானும் அவிழ்த்தேன்.
குமிழ் வரும், வரும்,
நின்றுவிடும்.

ஞானசீலன் கொதிகலனில் இரவு வேலை.
என் காடியைத் தொடாதே என்று நான் சொன்னதில்லை,
அவர் தொட்டதில்லை.
மூன்றாம் ஞாயிறு, நின்றபடியே பசியாறிக்கொண்டு,
"காத்து மேட்டைத்தான் தேடும்" என்றார்.
அவ்வளவுதான்.
ரொட்டி சானாய்க்குத் திரும்பிவிட்டார்.

மேட்டுக்கு எங்கே போவேன்?
எங்கள் தாமான் முழுக்கத் தட்டை:
வீடு, சாக்கடை, வீடு.
எனக்குத் தெரிந்த ஒரே ஏற்றம்
எடைப்பாலத்துக்கு ஏறும் அந்தச் சரிவு.

சாயங்காலம் ஆலை மூடியிருந்தது.
காவலுக்கு இருந்த நேப்பாளி திலக்
என்ன ஏது என்று கேட்காமல் கேட்டைத் திறந்தான்.
மூக்கை மேலே வைத்து நிறுத்தி,
மகளின் மீன்தொட்டியிலிருந்து எடுத்த
கண்ணாடிக் குழாயைத் திருகில் சொருகினேன்.
மீன்கள் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்.

முதலில் ஒன்றுமில்லை.
கொசு. ஆலையின் புளித்த வாடை.
பிறகு, கல்யாண விருந்தில் கை கழுவிய பெரியப்பா போல
காடி ஒரு நீண்ட ஏப்பம் விட்டது.
திலக் இரண்டடி பின்வாங்கினான்.
இன்னொன்று. இன்னொரு சின்னது.
அப்புறம் குழாய் நிறையக்
குமிழே இல்லாத பச்சை.

முள் பாதியில் நின்றது.
அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அது என்னைப் பார்க்கவில்லை.

வந்ததுதான் வந்தோம் என்று பாலத்தில் ஏற்றினேன்.
என்னோடு ஆயிரத்து நூற்று முப்பது கிலோ.
இறங்கினேன். எண் நடுங்கியது, அடங்கியது,
ஆயிரத்து எழுபது.
சீட்டு அடித்தேன்.
குலை: இல்லை. வெற்றெடை: சரி.
ஏற்றி வந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
என் பெயர்.

திரும்பும் வழியில் எதிரே வந்த லோரிக்காரன்
விளக்கை அணைத்து அணைத்துக் கண்ணடித்தான்.
அவனைக் குற்றம் சொல்ல முடியாது.
ஆரம்பித்தது என் காடிதான்.